62 சென்ட் பார்க், கையில் 12 லட்சம், உள்ளே ஆள் இல்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

சாரல்காத்து:

வணக்கம். எங்கள் ஊர் தென்காசி மாவட்டம், புளியரை செக்போஸ்ட்டுக்கு அரை மணி நேரத் தூரம். ஊர்ப் பேரைச் சொல்லவில்லை, சொன்னால் நாளைக் காலையில் டீக்கடையில் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் வார்டில் 62 சென்ட்டில் ஒரு பார்க் இருக்கிறது. திறந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்காது. இப்போது ஆறடிச் சுவர், சுவர் மேல் பதித்த பாட்டில் கண்ணாடி, முன்னால் ஒரே ஒரு கேட், அவ்வளவுதான் மிச்சம். அந்தக் கேட்டும் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான், சாவிக்காரர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டால் அதுவும் கிடையாது. ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்திவிட்டதால் பார்க் இரண்டடி பள்ளத்தில் கிடக்கிறது, ஐப்பசி மழையில் தெற்கு மூலை முழுக்கக் குளம். நீரூற்று என்று கட்டினார்களே, அதில் தண்ணீர் நிற்பதும் அப்போது மட்டும்தான். தகரச் சறுக்கு மேற்கே பார்த்து வைத்திருக்கிறது, நாலு மணி வெயிலில் பிள்ளை உட்கார்ந்தால் தொடை பழுத்துவிடும்.

ஆள் வருவதே இல்லை என்று சொல்ல முடியாது. பின்பக்கம் சுவர் இடிந்து ஒரு சந்து விழுந்திருக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்குச் சரியாகப் பத்துப் பேர் அந்தச் சந்து வழியாக வந்து, வேப்பமரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்வார்கள். கேரளா லாட்டரி ரிசல்ட் மூன்று மணிக்கு. மூன்றே காலுக்கு எழுந்து போன பிறகு பார்த்தால், பெஞ்சைச் சுற்றி நாலாகக் கிழித்த சீட்டுகள் கலர் கலராகக் கிடக்கும். ராத்திரி வருகிறவர்கள் வேறு ரகம், அவர்கள் விட்டுப்போவது பாட்டில்.

இப்போது விஷயம் என்னவென்றால், வியாபாரிகளும் வெளியூரில் இருக்கும் நம்மாட்களும் சேர்ந்து 4 லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று இருந்தால் மீதியை அரசு போடும் என்பதால் மொத்தம் 12 லட்சம் வரை போகலாம். யோசனை கேட்டதுதான் தாமதம், ஆளுக்கு ஒன்று. நீரூற்றைக் கலர் லைட்டோடு ஓடவிட வேண்டும் என்கிறார் ஒருவர். ஓபன் ஜிம், மியாவாக்கி காடு, ஊர்ப் பேரை எழுதி நடுவில் இதயம் வைத்த செல்ஃபி பாயிண்ட், தலைவர் சிலை (எந்தத் தலைவர் என்பதில் தனியாக ஒரு சண்டை). இவ்வளவு வம்பு எதற்கு, இடித்துவிட்டுக் கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்றும் ஒருவர் சொல்கிறார், அவர் பேச்சுக்கும் கூட்டம் சேர்கிறது. முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

தம்பி, நான் முப்பது வருஷம் எஸ்டிமேட் போட்டவன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பள்ளத்தை மண் அடித்து உயர்த்தலாம் என்று ஒருத்தன் கட்டாயம் வருவான், அவனை உள்ளே விடாதே. இரண்டடி மண் என்றால் லாரிக்கணக்கில் பில் போடலாம், அதனால்தான் அந்த யோசனை எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் நிற்கிற மரத்தின் தூரைச் சுற்றி இரண்டடி மண்ணைக் கொட்டினால் வேருக்கு மூச்சு போகாது. மரம் உடனே சாகாது, இரண்டு மூன்று வருஷம் கழித்து நுனியிலிருந்து காயும். அப்போது யாரும் மண்ணைக் குறை சொல்ல மாட்டார்கள், பூச்சி விழுந்துவிட்டது என்பார்கள்.

பள்ளம் பள்ளமாகவே இருக்கட்டும். தெற்கு மூலையைச் சரிவாக வெட்டி மழைக்குழியாக்கு, அடியில் சல்லியும் மணலும் போடு, நிறைந்து வழிந்தால் ஓடைக்குப் போக ஒரு குழாய் வை. இரண்டு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில், தண்ணீர் இறங்கிவிட வேண்டும். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் ஆகும், அதற்குள் காய்ந்துவிட்டால் கவலை இல்லை. சென்னையில் ஸ்பாஞ்ச் பார்க் என்று பெயர் வைத்துச் செய்வது கிட்டத்தட்ட இதுதான்.

நீரூற்றை மறந்துவிடு. மோட்டார் வாங்க எல்லாரும் காசு தருவார்கள், கரண்ட் பில் கட்ட ஒருத்தனும் வர மாட்டான்.

பச்சைக்கோடு:

நான் நாகர்கோவில், தோட்ட அமைப்பு வேலைதான் பிழைப்பு. சாரல்காத்து, உங்கள் பதிவிலேயே பதில் இருக்கிறது. முன்னால் ஆறடிச் சுவர், பின்னால் சந்து. இந்தச் சுவர் யாரைத் தடுக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். பாட்டிலோடு வருகிறவனை அது தடுக்கவே இல்லை, அவனுக்கு நல்ல மறைப்பாக இருக்கிறது. பேரப்பிள்ளையோடு வரும் ஆச்சியை, வேலை முடிந்து கால் மணி நேரம் உட்கார நினைக்கிற பெண்ணைத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறது. உள்ளே நடப்பது வெளியே தெரியாத பார்க்குக்குள் யார் போவார்கள்?

நியூயார்க்கில் பிரையண்ட் பார்க் என்று ஒன்று. 1970களில் அது போதைப்பொருள் விற்பவர்கள் இடம். ரோட்டை விட உயரமான தளம், சுற்றிலும் வேலி, அடர்ந்த புதர்வரிசை, இவ்வளவுதான் காரணம் என்று வில்லியம் ஒயிட் என்பவர் சொன்னார். அவர் அந்த ஊர்ச் சதுக்கங்களில் கேமராவை வைத்து மணிக்கணக்கில் படம் பிடித்து, ஜனங்கள் எங்கே உட்கார்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்த ஆள். கடைசியில் கண்டுபிடித்தது நம் ஊர்க் கிழவிக்கே தெரிந்த சங்கதி, உட்கார இடம் இருக்கிற இடத்தில் உட்கார்கிறார்கள். 1988-ல் பார்க்கை மூடி, புதரை எடுத்து, நுழைவழிகளைக் கூட்டி அகலமாக்கி, நகர்த்திப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளைப் போட்டு 1992-ல் திறந்தார்கள். இன்றைக்கு மத்தியானத்தில் போனால் நாற்காலி பிடிக்கப் போட்டி.

அதனால் என் ஓட்டு சுவருக்குத்தான். புதிதாக எதையும் வாங்கும் முன் சுவரைக் குறையுங்கள். தரையோடு இடிக்க வேண்டாம், ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை எடுத்துவிட்டு, மேல் பக்கம் கல் பாவினால் அதுவே திண்ணை. ரோட்டைப் பார்த்தும் உட்காரலாம், பார்க்கைப் பார்த்தும் உட்காரலாம். ஒரே செலவில் இரண்டு வேலை.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

நகர்த்துகிற நாற்காலியா! எங்கள் ஊரில் போட்டால் முதல் நாள் ராத்திரியே அது நகர்ந்து நகர்ந்து ஏதாவது பரோட்டாக் கடை வாசலுக்குப் போய்விடும்.

திண்ணை யோசனை சரிதான், இரண்டு திருத்தம். ரோடு இரண்டடி ஏறியிருக்கிறது என்று அவர்தான் எழுதியிருக்கிறார், நீ தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டால் அது ரோட்டுக்குக் கீழே போய்விடும், மழைத்தண்ணீர் அதன் மேலேயே ஏறி உள்ளே விழும். ரோட்டு மட்டத்திலிருந்து ஒன்றரை அடி கணக்குப் போட வேண்டும். உள்பக்கம் மூன்றரை அடி வருகிறதா, அங்கே படி மாதிரி இன்னொரு திண்ணை கட்டு. இரண்டாவது, 9 அங்குலச் செங்கல் சுவர் என்றால் தாங்கும், ஆறு அங்குல சாலிட் பிளாக் என்றால் மேலே நாலு பேர் உட்கார்ந்து ஆட்டினால் போய்விடும், இடித்துக் கட்டியே ஆக வேண்டும். கடப்பா கல் மட்டும் போடாதே, கறுப்புக் கல், மே மாசம் யாரும் உட்கார மாட்டான். கொத்தின கருங்கல் போடு.

சொளவுக்காரி:

எல்லாரும் நியூயார்க் வரைக்கும் போய்விட்டு வந்தீர்கள், பார்க்குக்கு எதிரே ரேஷன் கடைப் படியில் தினமும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாராவது பார்த்தீர்களா? இவர் ஊர் எது என்று எனக்குத் தெரியாது, எங்கள் ஊரிலும் அச்சடித்த மாதிரி இதே கதைதான். எங்கள் அம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் மத்தியானம் சொளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். வீட்டுக்குள் புழுக்கம், புகையிலைத் தூள் நெடி, பிள்ளை தூங்கும். அதனால் ரேஷன் கடைப் படி, கோயில் மண்டபம், கரண்ட் ஆபீஸ் நிழல் என்று நிழல் போகிற பக்கமெல்லாம் இவர்களும் நகர்கிறார்கள். பத்தடி தள்ளி வேப்பமரமும் புங்கையும் நிற்கிற பார்க் இருக்கிறது, ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

ஏன் என்று அம்மாவைக் கேட்டேன். மூன்று காரணம் சொன்னாள். ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒன்று, அது எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாவது, கக்கூஸ் இல்லை, இருந்ததும் பூட்டு. மூன்றாவது எனக்கே தோன்றாதது. காற்று. ஆனி ஆடியில் கணவாய் வழியாக வருகிற காற்று மேற்கேயிருந்து வந்தால் சொளவில் இருக்கிற தூள் அப்படியே எழும்பிப் போய்விடும், கொடுக்கும் தூளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். அதனால் மேற்குப் பக்கம் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் உட்கார்வார்கள். பச்சைக்கோடு அண்ணன் சொன்ன மாதிரி நாலு பக்கமும் குறைத்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அந்தப் பார்க் பழையபடி ஆகாத இடம்தான்.

பச்சைக்கோடு:

அக்கா, ஒப்புக்கொள்கிறேன். நாகர்கோவிலில் இருந்துகொண்டு, ஆரல்வாய்மொழியில் காற்றாடி சுற்றுவதைத் தினமும் பார்த்துக்கொண்டு, காற்றை யோசிக்காமல் எழுதினேன், இது வெட்கக்கேடு. மேற்குச் சுவரை விட்டுவிடலாம். கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டு, அந்தச் சுவரை ஒட்டி உள்பக்கமாகத் திண்ணையும் சாய்ப்பும் போட்டால் சாரல் தூறினாலும் நனையாது. கிழக்கும் வடக்கும் ரோடு என்றால் அவை இரண்டையும் குறைத்தால் போதும், பார்வை கிடைத்துவிடும்.

மரத்துக்கும் இதே காற்றுக் கணக்குத்தான். சீக்கிரம் வளரும் என்று மயில்கொன்றை, தூங்குமூஞ்சி எல்லாம் வைக்காதீர்கள், கிளை முறிந்து விழும். புங்கை, வேம்பு, பூவரசு, நாவல், மகிழம், பள்ளத்து மூலைக்கு நீர்மருது. மியாவாக்கி கேட்டவரிடம் இதைச் சொல்லுங்கள், சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்று நெருக்கி வைத்து, இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் விட்டு, களை எடுத்து வளர்க்கிற முறை அது. குப்பைமேடாகக் கிடந்த வெறும் இடத்துக்கு அருமை, சென்னை கோட்டூர்புரத்தில் 2020-ல் செய்தார்கள். ஆனால் உள்ளே ஆள் நடக்க முடியாது, அந்தப் பக்கம் இருப்பவர் இந்தப் பக்கம் தெரிய மாட்டார். 62 சென்ட்டுக்கு நடுவில் அதை வைத்தால் இடித்த சுவரைப் பச்சையில் திரும்பக் கட்டின மாதிரி. வேண்டுமென்றால் மேற்குச் சுவர் ஓரத்தில் ஒரு மூலை.

அப்புறம் பெண்பிள்ளைகள். வியன்னாவில் 1990களில் எண்ணிப் பார்த்தபோது, ஒன்பது வயதுக்கு மேல் பெண்பிள்ளைகள் பார்க்குக்கு வருவதே குறைந்துபோவது தெரிந்தது. பையன்களோடு சண்டை போட்டு இடம் பிடிப்பதற்குப் பதில் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரே வாசல் வைத்த கூண்டு மாதிரியான பந்து மைதானத்துக்குப் பல வாசல் திறந்து, பெரிய ஒரே இடத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, வேறு விளையாட்டுக்கும் இடம் விட்ட பிறகு திரும்ப வந்தார்கள். உங்கள் பார்க்கிலும் நடுவை மொத்தமாகக் கிரிக்கெட்டுக்கு விட்டுவிடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:

நான் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், காற்று மட்டும் இரண்டுக்கும் பொது, எங்களுக்கும் கணவாய்தான்.

கக்கூஸ் விஷயம் சொன்ன தங்கச்சிக்காக எழுதுகிறேன். கக்கூஸ் கட்டுவது பெரிய காரியம் இல்லை, சாவி யார் கையில் என்பதுதான் காரியம். எனக்குத் தெரிந்த ஒரு பார்க்கில் நாலு தடவை கட்டித் திறந்து நாலு தடவை பூட்டினார்கள். அப்புறம் வாசல் பக்கம் எட்டுக்கு எட்டில் ஒரு டீக்கடை அறை கட்டி, குடும்பஸ்ரீ (கேரளாவின் மகளிர் குழு அமைப்பு) பெண்கள் ஐந்து பேருக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, கடை திறந்திருக்கிற நேரம் முழுக்க கக்கூஸும் திறந்திருக்கணும், கழுவுவதும் அவர்கள் பொறுப்பு. காலையில் ஐந்தரைக்குக் கடை திறக்கும், ராத்திரி எட்டரைக்கு மூடும், பதினைந்து மணி நேரம் ஐந்து பெண்களின் கண் அந்தப் பார்க்கில் இருக்கும். பாட்டில்காரர்களை யாரும் விரட்டவில்லை, சின்ன வயசிலிருந்து தெரிந்த சேச்சி டீ ஆற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தால் எவன் குடிப்பான்? உங்கள் பக்கம் மகளிர் சுயஉதவிக் குழு இருக்குமே, அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்று, கடைக்காரர் பெஞ்சைத் தன் கடைப் பெஞ்சாக ஆக்கிவிடுவார். டீ வாங்காதவரை எழுப்பக் கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

வக்கீல் குமாஸ்தா:

கடை கட்டலாம் என்றவருக்காக மட்டும் நான். 1959-லேயே தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கின இடத்தைத் தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கே அந்தக் கதி என்றால் மொபைல் கடைக்கு என்ன.

அதனால் இடத்தின் கதையை முதலில் எடுங்கள். லேஅவுட் போட்டபோது விட்ட இடமா, நகராட்சி வாங்கின இடமா, புறம்போக்கா? லேஅவுட் இடம் என்றால் தானப்பத்திரம் ஒன்று பதிவாகியிருக்கும், அதில் பூங்கா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நகல் போட்டு நாலு பேர் வீட்டில் வையுங்கள், ஒருவர் வீட்டில் மட்டும் வைக்காதீர்கள். அப்புறம் பகுதி சபையில், அதாவது நகரத்தில் வார்டு மக்கள் கூடும் கூட்டத்தில், தீர்மானம் போடுங்கள். 2022 நவம்பர் 1-ஆம் தேதி முதல்முறையாக நடத்தினார்கள், இன்னும் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நவம்பர் 1 உங்கள் பக்கத்துக்குச் சொல்லியா தர வேண்டும், 1956-ல் செங்கோட்டை திருவிதாங்கூர் கொச்சியிலிருந்து இந்தப் பக்கம் வந்த நாள்.

சாரல்காத்து:

எல்லாருக்கும் நன்றி. சொளவுக்காரி அக்கா எழுதியதைப் படித்த அன்றைக்கே எங்கள் ரேஷன் கடைப் படியைப் போய்ப் பார்த்தேன். பதினோரு பேர். நான் இருபது வருஷமாக அந்த வழியாகத்தான் போகிறேன்.

பிறகு வியாழன் ஒரு நாள், ஞாயிறு ஒரு நாள், நானும் தம்பி மகனும் மாற்றி மாற்றிக் காலை ஐந்தரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை உட்கார்ந்து எண்ணினோம். விடியற்காலையில் புனலூர், கொல்லம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் பஸ் வரும் வரை கேட்டுக்கு வெளியே மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள், வியாழக்கிழமை பத்தொன்பது பேர். கேட் திறப்பதற்குள் பஸ் வந்துவிடுகிறது. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சுவரோரமாக ரோட்டில் நடக்கிறார்கள், லாரி வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள், வைக்கோல் லாரி என்றால் தலையெல்லாம் வைக்கோல். பார்க்கை வடக்கிலிருந்து கிழக்குக்குக் குறுக்கே திறந்துவிட்டால் அவர்கள் உள்ளேயே நடந்து போய்விடலாம் என்று அப்போதுதான் உறைத்தது. ஐம்பது வயதுக்கு மேல் பெண்கள் உள்ளே இரண்டு நாளிலும் சேர்த்து மூன்று பேர். பெண்பிள்ளை ஒன்றுகூட இல்லை.

லாட்டரி ஆட்களிடமும் பேசினேன். விரட்டப் போகிறோம் என்று நினைத்து முதலில் முறைத்தார்கள். அவர்களில் ஒருவர் கொத்தனார், சுவர் 9 அங்குலச் செங்கல்தான், நான்தான் கட்டினேன் என்றார். கூலி பாதி வாங்கிக்கொண்டு இடித்துத் தருவாராம், சீட்டு விழுந்தால் அதுவும் வேண்டாமாம்.

இப்போதைக்கு வரிசை இப்படி: வடக்கு, கிழக்குச் சுவர்களைக் குறைப்பது, இரண்டு புது வாசல், குறுக்கு நடைபாதை, மேற்கில் சாய்ப்புத் திண்ணை, மழைக்குழி, கக்கூஸோடு சேர்ந்த டீ அறை. சறுக்கை வடக்கே திருப்பி அடியில் ஓரடி மணல். செல்ஃபி எழுத்துக்குக் காசு மிஞ்சாது என்று சொல்லிவிட்டேன், அதைக் கேட்டவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஒன்றே ஒன்றுதான் தீரவில்லை, ஆடு. சுவரைக் குறைத்தால் ஊர் ஆடு அத்தனையும் கன்றை மேய்ந்துவிடும், வாசலைக் குறுக்கினால் சக்கர நாற்காலி போகாது.

சொளவுக்காரி:

ஆடு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் தெருவில் மட்டும் ஆறு வீடு. அவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், கூப்பிடாமல் போர்டு வைத்தால்தான் வேண்டுமென்றே அவிழ்த்துவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

கன்றுக்கு இரண்டு வருஷம் இரும்புக் கூண்டு போடு, ஒரு ஆள் உயரம் வந்துவிட்டால் ஆடு எட்டாது. வாசல் மூன்றடிக்குக் குறையாமல் வை, ரோட்டிலிருந்து இறங்குகிற சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது இரண்டடிப் பள்ளத்துக்கு இருபத்து நாலடி நீளம் வேண்டும், இப்போதே இடத்தை ஒதுக்கு, கடைசியில் போட்டால் படிக்கட்டு மாதிரி செங்குத்தாகப் போட்டுவிட்டுப் போவான். அப்புறம், கொத்தனார் கடப்பாரையைத் தூக்கும் முன்னால் கரண்ட் மீட்டர் பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள் தம்பி.